தாம்பூலப் பையில் ஒரு நாவல்

ஜனவரி 2, வியாழன்

இந்த ஆண்டு ஒரே ஒரு தீர்மானம். காலை ஐந்து மணி முதல் ஆறரை வரை இரண்டாவது நாவல் எழுதுவது.

ஐந்து மணிக்கு எழுந்தேன். முதல் நாவலான ‘குலைவாழை’யின் அட்டைப்படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு எழுத உட்காரலாம் என்று நினைத்தேன். போட்டேன். யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தேன். பதினேழு பேர். அதில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர். நிமிர்ந்தால் ஆறே முக்கால்.

நாளையிலிருந்து.

ஜனவரி 4, சனி

எழுதாததற்கு நான் காரணமில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

என் நாவலை ஒரு பதிப்பகத்தார் மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு, “சார், இப்ப கல்லூரி அரசியலுக்கு மார்க்கெட் இல்ல” என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு இருந்திருக்கும் போலிருக்கிறது. சரி, நானே போடுகிறேன் என்று ஆகஸ்டில் அறுநூறு பிரதி அச்சடித்தேன். அதில் நானூற்றுப் பன்னிரண்டு என் எழுத்து அறையில் இருக்கின்றன. மேஜைக்கு மேல் பெட்டி, கீழே பெட்டி, நாற்காலியில் பெட்டி. பாளையங்கோட்டையில் இருபத்தெட்டு வருடமாக வரலாறு நடத்தும் பேராசிரியர் ஆவுடைநாயகமாகிய நான், சாப்பாட்டு மேஜையில், மனைவி முருங்கைக்காய் நறுக்குவதற்கு எதிரே உட்கார்ந்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புத்தகம் விற்றால்தான் எழுத இடம் கிடைக்கும். விற்க அலைந்தால் எழுத நேரம் கிடைக்காது. ஐந்து மாதமாக மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறேன்.

சண்முகவடிவு கேட்டாள்: “ஏங்க, இந்தப் பெட்டியெல்லாம் என்னைக்குத்தான் போகும்?”

“வாசகர்கள் தேடி வருவார்கள்.”

“கரையான் வந்தாச்சு. அவிய என்னைக்கு வருவாவ?”

ஜனவரி 7, செவ்வாய்

எழுதியது ஒரு வரி. அதையும் மாலையில் அடித்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

யூடியூப் நேர்காணல். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, விளக்கு வைத்து, காலரில் மைக் மாட்டி, முதல் கேள்வி கேட்டார்: “சார், வாழை விவசாயத்தப் பத்தி எழுதணும்னு எப்படித் தோணுச்சு?”

இது வாழை விவசாயம் பற்றியதல்ல என்றேன். விசேஷ வீட்டு வாசலில் குலையோடு கட்டிவைத்துவிட்டு, விசேஷம் முடிந்ததும் வெட்டி மாட்டுக்குப் போடுவார்களே, அந்த மரத்தைப் போல ஒரு கல்லூரியில் ஒரு ஆசிரியர் நடத்தப்படுவதைப் பற்றியது என்று விளக்கினேன். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பதினொரு கேள்வி இருந்தது போலிருக்கிறது.

“அப்ப மத்ததையும் மாத்திக்கிடுதேன் சார்” என்றார். மாற்றவில்லை.

பிற்சேர்க்கை: இரவு வரை அறுபத்திரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு கருத்து வந்திருக்கிறது. ‘சார், கற்பூரவல்லி வாழைக்கன்று எங்கு கிடைக்கும்?’

ஜனவரி 12, ஞாயிறு

வாசிப்பு வட்டத்தில் ‘குலைவாழை’ அறிமுகம். வந்தவர்கள் பதினொரு பேர். வடை தீர்ந்தபின் ஏழு பேர். பேசியவர் நாவலின் கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, “மீதியை நீங்களே வாங்கிப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்” என்று முடித்தார். மீதி என்று எதை நினைத்தாரோ.

ஒரு சிற்றிதழின் ‘வரப்பெற்றோம்’ பகுதியில் என் புத்தகத்தைப் போட்டிருக்கிறார்கள். ஒரு வரி. அதிலும் என் பெயருக்குப் பதில் அட்டை வடிவமைத்தவரின் பெயர். அந்த ஆசிரியரை நினைவில் வைத்திருக்கிறேன். நான் யாரையும் எதையும் மறப்பதில்லை. அது ஞாபகசக்தி. வன்மம் என்று சொல்கிறவர்களுக்கு ஞாபகசக்தி குறைவு.

திரும்பும் வழியில் மார்க்கெட்டில் இசக்கியப்பனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார், அவருக்குப் பழக்கமானதுதான். இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கினார். தனியாக இருக்கும் மனிதருக்கு இரண்டு கிலோ எதற்கு? மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. மகள் பெங்களூரில். அளவு சொல்ல வீட்டில் ஆளில்லை என்பது தெரிகிறது. தலைக்குச் சாயம் பூசுவதையும் விட்டுவிட்டார். முன்பெல்லாம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சரியாக வெள்ளிக்கிழமை பூசுவார். இடது காலைக் கொஞ்சம் தாங்கி நடக்கிறார்.

எனக்கென்ன.

இவர் யார் என்பதை எழுதி வைப்பது நல்லது. ஒரே வகுப்பில் படித்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒன்பது வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர். பத்தொன்பது வருடத்துக்கு முன் என் முதல் சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டு விழாவில் வாழ்த்துரைக்கு அழைத்தேன். நாற்பது நிமிடம் பேசினார். முழுக்கத் தன்னைப் பற்றி. புத்தகத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கையில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் பதவி அவருக்குப் போனது, பிறகு முதல்வர் ஆகி, இப்போது விருப்ப ஓய்வில் இருக்கிறார். அந்த விழாவிலிருந்து பேச்சு இல்லை.

‘குலைவாழை’யின் ஏழாம் அத்தியாயத்தில் வீரபாகு என்று ஒருவன் வருவான். அது கற்பனைப் பாத்திரம்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். கரும்பு கடித்துக்கொண்டிருக்கும்போது புது எண்ணிலிருந்து அழைப்பு.

“சார், ‘குலைவாழை’ எழுதினது நீங்கதானே? பின்னட்டைல இந்த நம்பர் இருந்துச்சு.”

“ஆமாம். கன்று இல்லை.”

“என்ன சார்?”

“ஒன்றுமில்லை, சொல்லுங்கள்.”

“எனக்கு முந்நூறு காப்பி வேணும். என் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில போட.”

கரும்புச் சக்கையை முழுங்கிவிட்டேன். தேங்காயும் வெற்றிலையும் கொடுக்கும் பையில், சின்ன எவர்சில்வர் கிண்ணம் வைக்கிற இடத்தில், என் நாவல்! பெயர் செண்பகா. கல்யாணப் பெண்ணேதான் பேசுகிறது. மார்ச் 2, பாளையங்கோட்டையில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மண்டபம். குலைவாழை என்ற பெயர் மங்கலமாக இருக்கிறது என்று நினைத்திருக்கும். படித்தாயா அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு, கெடுத்துக்கொள்ள நான் முட்டாளா?

“முந்நூறா!” என்றாள் சண்முகவடிவு. “மேஜை தெரியுமே!”

ஜனவரி 17, வெள்ளி

காலை ஐந்து முதல் ஏழு வரை எழுதினேன். இரண்டரைப் பக்கம். முருங்கைக்காய்க்கு எதிரே உட்கார்ந்துகூட நன்றாகத்தான் வருகிறது. ஸ்டேட்டஸ் போடவில்லை. பதிப்பகத்தாரை மன்னித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. விட்டுவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

மாலை ஐந்து மணிக்கு வாசலில் ஆட்டோ. இசக்கியப்பன் இறங்கினார். கூடவே அவருடைய அக்கா, கையில் தாம்பாளம், அதில் குங்குமச் சிமிழ், வெற்றிலை, பத்திரிகைக் கட்டு. பத்தொன்பது வருடம் கழித்து என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். அதுவும் முன்பு கழற்றும் அதே மூலையில்.

“என்ன வே, உள்ள வரச் சொல்லுவீரா, இல்ல இப்படியே பத்திரிகையத் தந்துட்டுப் போவா?”

“வாங்க” என்றேன். “வாரும்” என்று வாய் வரை வந்தது. விடவில்லை.

அக்கா சண்முகவடிவுக்குக் குங்குமம் கொடுத்தார். இசக்கியப்பன் நாற்காலியைத் தேடினார். அதில் பெட்டி இருந்தது. நான் பாய்ந்து போய் அதன்மேல் போர்வையைப் போர்த்தினேன்.

“என்ன வே அது, கோழி அடைகாக்குதா?”

“பழைய விடைத்தாள்.”

“இன்னும் திருத்தலையா? அப்பவும் நீரு அப்படித்தான்.” சிரித்தார். சொல்வதற்கு முன்பே சிரித்துவிட்டுப் பிறகு சொல்கிறார். மாறவே இல்லை.

“வல்லிக்குக் கல்யாணம். வந்துரணும் ரெண்டு பேரும். முதநாளே வந்துரணும்.” பத்திரிகையை எடுத்து என் கையில் வைத்தார். “பகவதி இருந்திருந்தா அவதான் வந்து கூப்பிட்டிருப்பா.”

சண்முகவடிவு மோர் கொண்டுவந்தாள். ஒரே மூச்சில் குடித்துப் புறங்கையால் மீசையைத் துடைத்தார். போய்விட்டார்.

பத்திரிகையைப் பிரித்தேன். மார்ச் 2. ரயில் நிலையத்துக்கு எதிரே மண்டபம். மணமகள்: செண்பகவல்லி என்ற செண்பகா.

எட்டு வயது வரை நாங்கள் ‘வல்லி’ என்றுதான் கூப்பிட்டோம். முழுப்பெயரை யார் நினைத்தார்கள்?

ஜனவரி 23, வியாழன்

நேற்று இதை எழுத முடியாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தேன்.

வீரபாகு யார் என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். இருபது வருடம் கவனித்து, ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். சொல்வதற்கு முன்பே சிரிப்பது, தோளில் கை போட்டுக்கொண்டே நாற்காலியை உருவுவது, புறங்கையால் மீசையைத் துடைப்பது, வெள்ளிக்கிழமைச் சாயம், நாற்பது நிமிடப் பேச்சு. அந்தப் பதினாறு பக்கத்தை இசக்கியப்பனே, தன் செலவில், தன் மகள் கல்யாணத்தில், தன் சொந்தக்காரர்கள் முந்நூறு பேருக்கும் வெற்றிலை பாக்கோடு வைத்து, கைகூப்பிக் கொடுக்கப்போகிறார்.

நான் ஒன்றுமே செய்யவேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

சண்முகவடிவிடம் சொன்னேன். என்னோடு சேர்ந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தப் புள்ள என்ன செஞ்சுது உங்கள?” என்றாள்.

“அவள் ஒன்றும் செய்யவில்லை. அவள் அப்பா—”

“கல்யாண மேடைல நிக்கப்போறது அவதானே? பந்தியில உக்காந்து எவனாவது சத்தமா வாசிச்சான்னா அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்கும்? அவ அம்மா சாவுக்கும் நீங்க போகல.”

“அன்று எனக்குத் தேர்வுப் பணி.”

“ஞாயித்துக்கிழமை என்ன பரீட்சை?”

இவளுக்கும் ஞாபகசக்தி இருக்கிறது. தேவையில்லாத இடத்தில்.

ஜனவரி 26, ஞாயிறு

ஒரு வரி எழுதவில்லை. மனிதனை நிம்மதியாகப் பழிவாங்கக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்தேன். புத்தகம் பதினாறு பக்கம் பதினாறு பக்கமாக, ஒவ்வொரு பாரமாக அச்சாகி, நூல் தைத்துக் கட்டப்படுவது. எடுத்துப் பார்த்தால் ஏழாம் அத்தியாயம் தொண்ணூற்றேழாம் பக்கத்தில் தொடங்கி நூற்றுப் பன்னிரண்டில் முடிகிறது. மிகச் சரியாக ஏழாவது பாரம். அதை மட்டும் உருவிவிட்டால்? கல்லூரி முடிந்ததும் பைண்டர் இருதயராஜ் கடைக்குப் போனேன்.

“ஒரு பாரத்த மட்டும் உருவணுமா? எத்தன புத்தகத்துல?”

“முந்நூறு.”

“அச்சுப் பிழையா சார்?”

“அப்படி வைத்துக்கொள்ளலாம்.”

“பதினாறு பக்கத்துக்குமா பிழை?” புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். “ஓ, இதா! சார், பைண்டிங் பண்ணும்போது எங்க கடையில எல்லாரும் வாசிச்சது இந்த ஒரு பாரத்தத்தான். அரைநாள் வேலையே ஓடல. வீரபாகு நம்ம பழைய பிரின்சிபால்தானே? நான் அவருட்டதான் சார் படிச்சேன்.”

“கற்பனைப் பாத்திரம்.”

“ஆமா சார், ஆமா சார்.” முழு மரியாதையோடு நம்பவில்லை. “ஆனா உருவ முடியாது. நடுப் பாரத்த எடுத்தா நூலு தளந்துரும். பந்தியில தொறந்தா பாயசத்துல ஒவ்வொரு தாளா விழும். பரவால்லையா?”

பரவாயில்லை என்று சொல்ல ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது.

“இன்னொன்னு சார். அந்தப் பதினாறு பக்கத்த எடுத்துட்டா மிச்சத்த எவன் வாசிப்பான்?”

பைண்டருக்கு இலக்கிய விமர்சனம் எதற்கு? ஆனால் வீட்டுக்கு வந்து முழுதாக வாசித்தபோது அவர் சொன்னது சரியென்று பட்டது. மற்ற அத்தியாயங்களில் நான் நீதி கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏழாவதில் மட்டும்தான் ஆட்கள் நடமாடுகிறார்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

செண்பகாவை அழைத்தேன். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ‘தவிர்க்க முடியாத காரணங்களால் பிரதிகள் தர இயலவில்லை.’ முந்நூறு பிரதிகளும் மேஜையும் போகின்றன என்று தெரிந்தே அழைத்தேன். அது யாருக்கும் தெரியப்போவதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

“என்ன காரணம் மாமா?” என்றது.

மாமா!

“நான் யாருன்னு பத்திரிகை பாத்ததும் தெரிஞ்சிருக்கும்ல? முதல்லயே சொன்னா நீங்க தரமாட்டீங்கன்னு தான் சொல்லல.”

“வல்லி, நீ அந்தப் புத்தகத்தைப் படித்தாயா?”

“நாலு தடவை.”

“ஏழாவது அத்தியாயம்?”

“அதுக்காகத்தான் மாமா வாங்குறேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் அப்பாவை அவ்வளவு வெறுக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அதுவே பேசியது.

“அம்மா அதுல வர்றாங்கள்ல? வீரபாகு வீட்டுக்கு நீங்க போறீங்க. அவர் பெருமை பேசிட்டே இருக்கார். செல்லம்மான்னு ஒருத்தங்க மோர் கொண்டுவந்து வச்சுட்டு, அவர் பேசுறதக் கேட்டுச் சிரிப்பாங்க. முதல்ல மூக்கால சிரிச்சு, அடக்க முடியாம முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு, அடுக்களைக்குள்ள ஓடிப்போய் மிச்சத்த அங்க சிரிப்பாங்க. பாத்திரம் உருளுற சத்தம் கேக்கும். மாமா, எங்ககிட்ட அம்மா போட்டோ நிறைய இருக்கு. எல்லாத்துலயும் விறைப்பா நிக்கிறாங்க. அவங்க சிரிக்கிறது ஒரு இடத்துலதான் இருக்கு. நீங்க எழுதின அந்த ரெண்டு பக்கத்துல.”

நான் அந்த இரண்டு பக்கத்தை எழுதியது வீரபாகுவை அவன் மனைவியே மதிக்கவில்லை என்று காட்டுவதற்காக.

அதைச் சொல்லவில்லை. “அப்பாவுக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியாது. அன்னைக்குத்தான் பார்க்கட்டும்னு இருக்கேன்.”

“வேண்டாம். முதலில் அவர் படிக்கட்டும். படித்துவிட்டு அவர் சரி என்றால்தான் பைக்குள் போகவேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் நானே வந்து திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இதற்கு நீ சம்மதித்தால் புத்தகம் தருகிறேன்.”

சம்மதித்தது.

பிப்ரவரி 8, சனி

லோடு ஆட்டோவில் முந்நூறு பிரதிகள் மண்டபத்துச் சாமான் அறைக்குப் போயின. மிச்சத்தைப் பரணில் ஏற்றினேன். ஆறு மாதத்துக்குப் பிறகு மேஜை தெரிகிறது. சண்முகவடிவு ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, “இனி ஒரு சாக்கும் சொல்ல முடியாது” என்றாள்.

உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஜன்னலைப் பார்த்தேன். நல்ல ஜன்னல்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கல்யாணத்துக்காக ஊருக்கு வந்துவிட்ட வல்லி செய்தி அனுப்பியிருக்கிறது: ‘அப்பாகிட்ட புக் குடுத்துட்டேன் மாமா. ரூமுக்குள்ள போயிருக்காங்க.’

பிப்ரவரி 12, புதன்

ஒரு தகவலும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒரு தகவலும் இல்லை. கேட்டால் ‘அப்பா ஒண்ணும் சொல்லல மாமா’ என்கிறது. நாற்பது நிமிடம் தன்னைப் பற்றிப் பேசத் தெரிந்தவருக்கு, தன்னைப் பற்றிப் பதினாறு பக்கம் படித்துவிட்டு ஒரு வார்த்தை வரவில்லை.

மாலை நடைக்கு வழக்கமான பாதையை விட்டுவிட்டு அவர் தெரு வழியாகப் போனேன். அந்தப் பாதையில் நிழல் அதிகம். மாடி விளக்கு எரிந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

ஏழாம் அத்தியாயத்தை மறுபடி வாசித்தேன். சாயம் பூசுவதைப் பற்றிய பத்தி கொஞ்சம் அதிகம்தான். அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம். அடுத்த பதிப்பு!

பிப்ரவரி 27, வியாழன்

அவர் சரி என்றாரா, புத்தகம் பைக்குள் போகிறதா, ஒன்றும் தெரியாது; கல்யாணத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

வேட்டி சட்டையை இஸ்திரிக்குப் போட்டிருக்கிறாள் சண்முகவடிவு. “நீங்க வரலன்னா நான் மட்டும் போறேன். ஆவுடைநாயகம் எங்கன்னு கேட்டா, பரீட்சைன்னு சொல்லிருதேன். கல்யாணமும் ஞாயித்துக்கிழமைதான்.”

மார்ச் 2, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

மண்டபத்து வாசலில் நாதஸ்வரம். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் தாம்பூலப் பைகள் அடுக்கிய மேஜை. அங்கே ஒரே கூட்டம். யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போனால் நடுவில் நாற்காலி போட்டு இசக்கியப்பன் உட்கார்ந்திருக்கிறார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் பேனா. ஆட்கள் பையிலிருந்து ‘குலைவாழை’யை எடுத்து நீட்ட, அவர் தொண்ணூற்றேழாம் பக்கத்தைத் திறந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

‘அன்புடன், வீரபாகு.’

“முதல்ல இருந்தெல்லாம் வாசிக்காண்டாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “நேரா இதுக்கு வந்துரும். இதுல வில்லன் நாந்தான்!” முதலில் சிரித்துவிட்டு, பிறகு இதைச் சொன்னார்.

நான் முண்டியடித்து முன்னே போகப் பார்த்தேன். ஒரு பெரியவர் தடுத்தார். “வரிசையில வாங்க சார்.”

“நான்தான் இதை எழுதியவன்.”

“அப்படியா? சந்தோஷம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வீரபாகு சார் தெரியல.”

இருபது வருடம் மனதில் வைத்திருந்து, மூன்று வருடம் எழுதி, என் காசில் அச்சடித்த புத்தகம். அதிலும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார் மனிதர்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சிரிப்பும் வந்தது என்று சண்முகவடிவு சொல்கிறாள். எனக்குத் தெரியாது.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். “எழுத்தாளரே! வாரும் வே. எல்லாரும் வழி விடுங்க, என்னையக் கண்டுபிடிச்சவரு வந்துட்டாரு!”

தாலி கட்டி முடிந்ததும் பந்திக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தார். எதிர் வரிசையில் ஒரு மாமி சாப்பிடாமல் புத்தகத்தைப் பிரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பகவதியின் தங்கை என்று இசக்கியப்பன் சொன்னார்.

“ஒரு தப்பு விட்டுருக்கீரு வே” என்றார் இலையைப் பார்த்துக்கொண்டே. “நாப்பது நிமிஷம் பேசல. முப்பத்தஞ்சுதான்.”

“நாற்பது.”

“சரி, நாப்பதுன்னே இருக்கட்டும். அன்னைக்கு உம்ம புத்தகத்த நான் வாசிக்கலன்னு எழுதியிருக்கீருல்லா?”

“வாசிக்கவில்லைதானே?”

“ரெண்டு தடவ வாசிச்சேன்.” அப்பளத்தை உடைத்தார். “புடிக்கல வே. ஒரு கதகூடப் புடிக்கல. எல்லாம் யாரையோ திட்டிக்கிட்டே இருந்துச்சு. முன் வரிசையில உம்ம அப்பா உக்காந்திருக்காரு, சண்முகவடிவு உக்காந்திருக்கு. மைக்கக் கைல குடுத்துட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல? பொய் சொன்னா நீரு என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவீரு. அதான் என்னையப் பத்தியே பேசிட்டு இறங்கிட்டேன்.”

“பிறகு ஒருநாள் சொல்லியிருக்கலாம்.”

“நீரு பேசவே இல்லையே வே.”

ரசம் ஊற்றினார்கள். இருவரும் குனிந்து சாப்பிட்டோம்.

“இது புடிச்சிருக்கு” என்றார். “அந்தப் புள்ள கைல குடுத்தப்ப வாசிச்சேன். பத்து நாளு வெளியவே வரல. என்னையத் திட்டினதுக்கு இல்ல. அந்தப் பாத்திரம் உருளுற சத்தம். அதோட நான் இருந்தேன் பத்து நாளும்.” புறங்கையால் மீசையைத் துடைத்தார். மீசையில் ஒன்றும் இல்லை. “அவ போன அன்னைக்கு நீரு எங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டீராம். டீக்கடைக்காரன் சொன்னான். ஒரு மணி நேரம் நின்னீராமே?”

அப்படி எதுவும் எனக்கு ஞாபகமில்லை. வேறு யாரையாவது பார்த்திருப்பான். அன்று நல்ல வெயில்.

பாயசம் வந்தது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று அவரே பரிமாறுகிறவரிடம் சொல்லி என் இலையைத் தாண்டிப் போகச் சொன்னார். இதை யார் அவருக்குச் சொன்னது?

வல்லி வந்து எங்கள் இருவரையும் சேர்த்து நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொன்னது. இசக்கியப்பன் தோளில் கை போட்டார். நான் என் நாற்காலி இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

காலையிலிருந்து ஒன்பது அழைப்புகள். தாம்பூலப் பையோடு புத்தகம் தென்காசி, கோவில்பட்டி, திருச்செந்தூர் எல்லாம் போயிருக்கிறது. தென்காசியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் அரை மணி நேரம் பேசினார். ஆறாம் அத்தியாயம் இழுக்கிறது, எட்டாம் அத்தியாயம் இழுக்கிறது என்றார். உண்மையிலேயே படித்திருக்கிறார்! ஏழு மாதம் நான் போட்ட ஸ்டேட்டஸ்கள் செய்யாததைத் தேங்காயும் வெற்றிலையும் செய்துவிட்டன. கோவில்பட்டிக்காரர் ஒருவர் தன் தங்கை கல்யாணத்துக்கு நூறு பிரதி கேட்டார். பரணில் இருக்கிறது என்றேன்.

ஒன்பது பேரில் ஏழு பேர் வீரபாகுவின் தொலைபேசி எண்ணைக் கேட்டார்கள். கொடுத்தேன். மனப்பாடமாக இருந்தது.

மார்ச் 12, புதன்

ஐந்து மணிக்கு மேஜைக்கு வந்துவிட்டேன். மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். பழையதில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

ஐந்தரைக்குத் தொலைபேசி. இசக்கியப்பன். கல்யாணம் முடிந்து மகள் பெங்களூர் போனபிறகு தினமும் இதே நேரம்.

“என்ன வே, எழுதுதீரா?”

“எழுதிக்கிட்டுதான் இருந்தேன். நீர் கூப்பிடும்வரை.”

“இதுல நான் வாரேனா?”

“வரல. இது நாயக்கர் காலத்துக் கதை.”

“அதனால என்ன? அப்ப மீசை வச்சவன் எவனும் இல்லையா?” சிரித்தார். “எந்த இடத்துல நிக்கீரு, வாசிச்சுக் காட்டும் பாப்போம்.”

ஒரு பக்கம் வாசித்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

“வே, இருக்கீரா?”

“இருக்கேன், இருக்கேன். ரெண்டாவது பத்தி புடிக்கல.”

“நான் கேட்டேனா?”

“கேக்கல. இனி கேக்காமலே சொல்லிருதேன். மேல வாசியும்.”

ஆறே கால் வரை போய்விட்டது. எழுத மிச்சமிருந்தது பதினைந்து நிமிடம். அதில் இரண்டாவது பத்தியை அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

“அந்த நேரத்துல போன ஆஃப் பண்ணி வச்சா என்ன?” என்று சண்முகவடிவு காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள். “எழுத நேரமில்ல, எழுத நேரமில்லன்னு வருஷம்பூரா புலம்புதீங்க.”

நியாயமான யோசனைதான். நாளையிலிருந்து நாலரைக்கே எழுந்துவிடலாம் என்று இருக்கிறேன்.